சேமிப்பா? பதுக்கலா?

நல்ல காலத்தில் எடுத்து வைத்து, அல்லற்காலத்தில் அதனைக் கொண்டு வாழ்பவனை உலகம் அறிவுடையோன் எனப் போற்றுகின்றது. பிறர் பசித்திருக்கத் தன் களஞ்சியத்தைப் பூட்டி வைப்பவனைக் கொடியோன் எனத் தூற்றுகின்றது. ஆனால், இவ்விருவருடைய களஞ்சியங்களையும் வெளியே நின்று நோக்குவோமாயின் வேறுபாடு ஒன்றும் தெரிவதில்லை. இரண்டிலும் தானியம் இருக்கின்றது. இரண்டிலும் பூட்டுத் தொங்குகின்றது. அப்படியாயின், ஒன்றைச் சேமிப்பு என்றும் மற்றொன்றைப் பதுக்கல் என்றும் எதனைக் கொண்டு பிரித்தறிகின்றோம்?

"எண்ணத்தைக் கொண்டு" என்று விடை கூறுவது எளிது. நிய்யத்தே செயலின் உயிர் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், எண்ணத்தைப் பிறர் காண்பதில்லை. உடையவனுக்கே கூட அது சில வேளைகளில் மறைந்துவிடுகின்றது. பதுக்குவோரில் எவரும் தம்மைப் பதுக்குவோர் என்று எண்ணிக்கொள்வதில்லை. "பிள்ளை குட்டிகளுக்காக எடுத்து வைக்கிறோம்" என்றே அவர்களும் கூறுகின்றனர். பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கின்றது. ஆதலின், எண்ணத்தோடு கூட வெளியே தெரியும் அடையாளங்கள் சிலவும் நமக்கு வேண்டியிருக்கின்றன.

இவ்வடையாளங்களைத் தேடுவதற்குத் தானியத்தைக் காட்டிலும் தண்ணீர் ஏற்ற பொருளாகும். தானியத்தை உழுது விளைவித்தவன் "இது என் உழைப்பு" என்று உரிமை பாராட்டலாம். ஆற்று நீரை எவரும் விளைவித்ததில்லை. அது எங்கோ பெய்த மழை. எவருடைய நிலத்திலோ வழிந்து, எவருடைய ஊரையோ கடந்து, நம்மிடம் வருகின்றது. நம்மைக் கடந்தும் போகின்றது. அதனைத் தேக்கி வைப்பவன் எவ்வளவு தேக்கலாம்? யாரைக் கேட்டுத் தேக்கலாம்? யாருக்காகத் திறக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் கணக்கோடு விடை கூறவல்ல நதி ஒன்று உலகில் உண்டு. அது நைல் நதி.

அளவுத் தூண்

எகிப்து என்னும் மிஸ்ர் நாட்டில் மழை மிக அரிது. ஆயினும் அந்நாடு பன்னெடுங்காலம் பிற நாடுகளுக்கும் தானியம் அனுப்பிய நாடாக விளங்கிற்று. அதன் மழை அதன் வானத்திலிருந்து பெய்வதன்று. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், எத்தியோப்பிய மலைநாட்டில் பெய்வது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அம்மலைகளில் பெய்யும் பெருமழை நீல நைலிலும், அத்பரா ஆற்றிலும், சோபாத் ஆற்றிலும் வழிந்தோடிக் கீழே வருகின்றது. அஸ்வானை அடையும் நீரில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பங்கு இங்ஙனம் வருவதே. நடு ஆப்பிரிக்க ஏரிகளிலிருந்து வரும் வெள்ளை நைல் ஆண்டு முழுவதும் ஓடினும், அதன் மேற்பகுதி நீரில் ஏறக்குறையப் பாதி, சூடானின் தெற்கே பரந்து கிடக்கும் சதுப்பு நிலங்களில் ஆவியாகி விடுகின்றது.

மழையைக் காணாத உழவனுக்கு ஆறே வானம். ஆகவே, ஆறு எவ்வளவு உயர்கின்றது என்று அளப்பது எகிப்தியர்க்கு உயிர்நாடியான தொழிலாயிற்று. பிர்அவ்ன்களின் காலந்தொட்டே அங்கு நீரளவு குறிக்கப்பட்டு வந்தது. முஸ்லிம்கள் அந்நாட்டை ஆளத் தொடங்கிய பின் அத்தொழிலைக் கைவிடவில்லை, மேலும் செம்மைப்படுத்தினர். அப்பாஸிய கலீபா அல் முதவக்கிலின் ஆணையின்படி ஹிஜ்ரி 247இல், அதாவது கி.பி. 861இல், கெய்ரோவின் ரவ்ழாத் தீவில் கட்டப்பட்ட "மிக்யாஸ்" இன்றும் நிற்கின்றது. வானவியல் அறிஞர் அல் பர்கானியின் பெயர் அப்பணியோடு இணைத்துக் கூறப்படுகின்றது. கற்சுவர் எடுத்த ஆழமான கிணறு. அதன் நடுவே எட்டுப் பட்டையுள்ள பளிங்குத் தூண். தூணில் முழக்கணக்கும் விரற்கணக்கும் செதுக்கப்பட்டிருக்கின்றன. வெவ்வேறு உயரங்களில் அமைந்த மூன்று சுரங்க வழிகளின் மூலம் நதிநீர் அக்கிணற்றினுள் புகும். ஆற்றின் அலையும் வேகமும் தூணைத் தீண்டா. மட்டம் மட்டுமே தெரியும்.

அத்தூணில் 16 முழம் என்பது எல்லைக் கோடு. நீர் அக்கோட்டைத் தொட்டால் அவ்வாண்டு விளைச்சல் உண்டு என்று பொருள்; அரசு நிலவரி தண்டலாம். தொடாவிட்டால் வரியும் இல்லை, வயிற்றுக்கும் உறுதி இல்லை. வரியை மன்னனின் விருப்பத்திற்கு விடாமல் ஆற்றின் அளவுக்குக் கட்டுப்படுத்திய இவ்வேற்பாட்டில் ஒரு நீதி இருப்பதை நாம் காணத் தவறலாகாது. ஆனால், அந்நீதிக்கும் ஓர் எல்லை உண்டு. ஆண்டுதோறும் படிந்த வண்டலால் நிலமும் ஆற்றுப்படுகையும் உயர்ந்துகொண்டே சென்றன. முன்பு 16 முழத்தில் நனைந்த வயல்கள், பிற்காலத்தில் அவ்வளவில் நனையவில்லை. தூணில் செதுக்கிய கோடு மாறவில்லை. அதன் பொருள் மாறிவிட்டது. ஒரு முறை அளந்து வைத்த அளவு என்றென்றும் உண்மையாக இருக்கும் என்று நம்புவோர்க்கு இது நல்லதோர் எச்சரிக்கையாகும்.

இத்தூணுக்கு முன்பிருந்த அளவுகோல்களின் குறிப்புகளையும் சேர்த்து, கி.பி. 622 முதல் ஆண்டுதோறும் நைலின் தாழ்ந்த மட்டமும் உயர்ந்த மட்டமும் நமக்குக் கிடைத்துள்ளன. 1284 வரை இவ்வரிசை பெரும்பாலும் இடையறாது செல்கின்றது. இப்னு தக்ரீபிர்தீ போன்ற வரலாற்றாசிரியர்கள், ஒவ்வோர் ஆண்டின் நிகழ்ச்சிகளையும் எழுதி முடிக்கும்போது, அவ்வாண்டு நைலின் அளவையும் குறித்து வைத்தனர். மன்னர் பிறப்பையும் இறப்பையும் போல ஆற்றின் ஏற்ற இறக்கமும் வரலாற்றுக்குரியது என்று அவர்கள் கருதினர். உமர் தூஸூன் என்னும் எகிப்திய இளவரசர் 1925இல் இக்கணக்குகளைத் திரட்டி வெளியிட்டார். உலகில் வேறெந்த நதிக்கும் இத்தகைய நீண்ட எழுத்துக் கணக்கு இல்லை எனலாம்.

மன்னர் மறைத்த செய்தி

அளந்தறிந்த செய்தி யாருக்குச் சொந்தம்? இவ்வினாவும் மிஸ்ரில்தான் எழுந்தது. நீர் ஏறும் காலத்தில் அளவைத் தெருத்தெருவாகக் கூவி அறிவிக்கும் வழக்கம் அங்கு இருந்தது. பாத்திமிய கலீபா அல் முயிஸ் கி.பி. 973இல், ஹிஜ்ரி 362இல், எகிப்துக்கு வந்து சேர்ந்ததும், நீர் 16 முழத்தை எட்டும் வரையில் அளவை எவரும் பகிரங்கமாகக் கூறலாகாது என்று தடை விதித்தார். அது வரையில் அளவு அவருக்கும் தளபதி ஜவ்ஹருக்கும் மட்டுமே எழுதி அனுப்பப்பட வேண்டும் என்பது ஆணை.

இத்தடைக்குக் காரணம் இருந்தது. நீர் ஒரு நாள் ஏறாமல் நின்றுவிட்டால், தானியம் வைத்திருப்போர் விலை உயரும் என்னும் ஆசையால் விற்பதை நிறுத்திவிடுவர். பணம் உள்ளோர் அஞ்சி, தேவைக்கு மேல் வாங்கிக் குவிப்பர். இரண்டு நாட்களில் நீர் மீண்டும் ஏறினாலும், அதற்குள் ஏழையின் ரொட்டி விலை ஏறிவிட்டிருக்கும். ஆற்றில் இல்லாத பஞ்சம் அங்காடியில் பிறந்துவிடும். ஆகவே, வரலாற்றறிஞர் மக்ரீஸீ இத்தடையை மிகச் சிறந்த அரசியல் அறிவு என்று பாராட்டியிருக்கின்றார். அவருடைய கூற்றை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது.

ஆயினும், அதே மக்ரீஸீ, எகிப்தின் பஞ்சங்களைப் பற்றித் தனி நூல் ஒன்றையும் எழுதினார். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தம் காலத்துப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டபின் எழுதிய நூல் அது. நைல் தாழ்வதால் பஞ்சம் வருகின்றது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால், நீர் திரும்பிய பின்னும் பஞ்சம் நீங்காமைக்குக் காரணம் என்ன என்று அவர் கேட்டார். பதவிகள் இலஞ்சத்திற்கு விற்கப்பட்டமை, நிலக்குத்தகை அளவின்றி உயர்த்தப்பட்டமை, மதிப்பற்ற செப்புக் காசு நாடெங்கும் பெருகியமை ஆகிய மூன்றையும் அவர் காரணங்களாகச் சுட்டினார். வானமும் ஆறும் செய்த குற்றத்தைக் காட்டிலும் மனிதர் செய்த குற்றமே பெரிது என்பது அவருடைய முடிவு.

இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது நமக்கு ஓர் உண்மை புலப்படுகின்றது. நீதியுள்ள ஆட்சியாளன் அளவைச் சில நாள் மறைப்பது மக்களைக் காக்கலாம். ஆனால், மறைத்த அளவு அறியப்படாமல் போய்விடுவதில்லை. அரண்மனைக்கு அருகில் இருப்போர்க்கு மட்டும் அறிந்த பொருளாகின்றது. பதவிகள் விலைக்கு விற்கப்படும் நாட்டில் அச்செய்தியும் விலைக்கு வரும். அப்போது உழவன் அறியாமலிருப்பான், வணிகன் அறிந்திருப்பான். பதுக்கலைத் தடுக்க எழுந்த திரையே பதுக்குவோர்க்குப் பாதுகாப்பாகிவிடும். ஆகையால், அளவை மறைக்கும் உரிமையை ஏற்பவன், அம்மறைவு நீடிக்கும் காலமெல்லாம் தன் களஞ்சியத்தைத் திறந்து வைக்கும் கடமையையும் ஏற்க வேண்டும். கடமையை ஏற்காதவனுக்கு உரிமையும் இல்லை என்பதே நமது கருத்து.

அதே பாத்திமிய ஆட்சியில், கலீபா அல் ஹாக்கிமின் அழைப்பை ஏற்று இராக்கிலிருந்து வந்த அறிஞர் இப்னுல் ஹைதம், நைலின் நீரைக் கட்டுப்படுத்தும் வழி காண அஸ்வான் பகுதிக்கு அனுப்பப்பட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். நிலத்தையும் ஆற்றையும் நேரில் கண்டபின், தாம் எண்ணியது நடவாது என்று அவர் உணர்ந்து திரும்பினார். மன்னனின் சினத்திற்கு அஞ்சிப் பித்தர் போல் நடித்தார் என்பதும் அவர்கள் தரும் செய்தி. அளவு சொல்லும் உண்மை ஆள்பவரின் ஆசைக்கு மாறாக இருக்கும்போது, அதனைச் சொல்லுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சான்று.

கூடி வரும் பஞ்சம்

இனி, எவ்வளவு நீரைத் தேக்கி வைத்தால் போதும் என்னும் வினாவுக்கு வருவோம். ஒரு குடும்பத் தலைவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு மாத வருமானம் ஒரே சீராக வருவதில்லை. செலவோ சீராக இருக்கின்றது. கடன் வாங்காமல் காலந்தள்ள எவ்வளவு கையிருப்பு வேண்டும்? அவர் கடந்த ஆண்டுகளின் வரவை மாதந்தோறும் கூட்டிக்கொண்டே வரட்டும்; செலவையும் அவ்வாறே கூட்டட்டும். செலவின் கூட்டுத்தொகை வரவின் கூட்டுத்தொகையை விட்டு மிக அதிகமாக விலகி ஓடிய காலம் எதுவோ, அக்காலத்து இடைவெளியை நிரப்பும் தொகையே அவருக்கு வேண்டிய கையிருப்பு. ரிப்பில் என்னும் பொறியாளர் 1883இல் நீர்த்தேக்கங்களுக்காக வகுத்துக் காட்டிய முறை இதுவே. ஆற்றில் ஓடும் நீரை வரவாகவும், ஊருக்கும் வயலுக்கும் தரும் நீரைச் செலவாகவும் கொண்டால் அணையின் கொள்ளளவு கிடைத்துவிடும்.

முறை எளிது, ஆனால், எத்தனை ஆண்டுக் கணக்கைக் கொண்டு கூட்டுவது? அஸ்வானில் 1871 முதல் 1898 வரை ஓடிய நீர், ஆண்டுச் சராசரியாக ஏறக்குறைய 11,000 கோடி கன மீட்டர். 1899 முதல் 1970 வரையிலோ அச்சராசரி 8,500 கோடியாகக் குறைந்துவிட்டது. 1913இல் ஓடியது 4,560 கோடி மட்டுமே. முதல் இருபத்தெட்டு ஆண்டுகளை மட்டும் கண்டவர், அதனையே நைலின் இயல்பு என்று நம்பி வாக்களித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் கொலராடோ ஆறு காட்டிவிட்டது. 1922இல் அவ்வாற்றின் நீரை மேற்பகுதி மாநிலங்களுக்கும் கீழ்ப்பகுதி மாநிலங்களுக்கும் ஒன்றரைக் கோடி ஏக்கர்-அடி எனப் பங்கிட்டு ஒப்பந்தம் செய்தனர். கணக்கில் எடுத்துக்கொண்ட ஆண்டுகள் வழக்கத்தை விட மழை மிகுந்தவை. மர வளையங்களை ஆராய்ந்து பல நூற்றாண்டுகளின் நீரோட்டத்தை 1976இல் கணித்தவர்கள், உண்மைச் சராசரி ஒரு கோடியே 35 லட்சம் ஏக்கர்-அடி அளவே என்றனர். இல்லாத நீர் காகிதத்தில் பங்கிடப்பட்டுவிட்டது. பங்கு பெற்றவர் எவரும் அதனை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. அத்தகராறு இன்றும் ஓயவில்லை.

நைலின் கணக்கை ஆழ்ந்து கற்றவர் ஹெரால்டு எட்வின் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயர். 1906இல் எகிப்துக்கு வந்த அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்நதிக்கே செலவிட்டார். பிளாக், எகிப்தியரான ஸிமைக்கா ஆகியோரோடு சேர்ந்து, ஓர் ஆண்டின் நீரை அடுத்த சில மாதங்களுக்குத் தேக்குவது போதாது. பல ஆண்டுகளின் மிகையைப் பல ஆண்டுகளின் குறைக்காகத் தேக்க வேண்டும் என்று 1946இல் வெளியிட்ட நூலில் அவர் எடுத்துக்காட்டினார். ரவ்ழாத் தூணின் பழங்கணக்கையும், மழை, வெப்பம், மர வளையம், ஏரி வண்டல் ஆகியவற்றின் நீண்ட கணக்குகளையும் ஆராய்ந்து, 1951இல் அவர் வெளியிட்ட முடிவு அறிஞர் உலகத்தை வியக்கச் செய்தது.

அம்முடிவு இது: நல்ல ஆண்டும் தீய ஆண்டும், நாணயத்தைச் சுண்டி எறிந்தாற்போல ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வருவதில்லை. நல்ல ஆண்டுகள் நல்ல ஆண்டுகளோடும், தீய ஆண்டுகள் தீய ஆண்டுகளோடும் கூடி வருகின்றன. தொடர்பின்றி வருமாயின், நூறாண்டுகளுக்குச் சராசரி நீரைச் சீராக வழங்க, புள்ளியியலார் திட்ட விலக்கம் என்று கூறும் அளவைப் போல் ஏறக்குறைய 12½ மடங்கு கொள்ளளவு போதும். ஹர்ஸ்ட் கண்ட விதிப்படி ஏறக்குறைய 17 மடங்கு வேண்டும்.

கணித அறிஞர் மண்டல்பிரோவும் நீரியல் அறிஞர் வாலிஸும் 1968இல் இவ்வியல்பிற்குப் பெயர் சூட்டும்போது, "யோசேப்பு விளைவு" என்றே சூட்டினர். நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றை அறிந்த நமக்கு அப்பெயரின் பொருத்தத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஏழு செழிப்பான ஆண்டுகள் சேர்ந்து வந்தன. ஏழு கொடிய ஆண்டுகளும் சேர்ந்தே வந்தன. கொடிய ஆண்டு ஒன்று மட்டும் தனியே வருமாயின் எந்தக் குடும்பமும் பல்லைக் கடித்துக்கொண்டு அதனைக் கடந்துவிடும். கூடி வருவதாலேயே சேமிப்பு அறிவுரை என்னும் நிலையைத் தாண்டிக் கடமையாகிவிடுகின்றது.

அணையும் அதன் விலையும்

1902இல் அஸ்வானில் கட்டி முடிக்கப்பட்ட முதல் அணை ஏறக்குறைய 100 கோடி கன மீட்டர் நீரைத் தேக்கிற்று. இரு முறை உயர்த்தப்பட்ட பின் அது 500 கோடி ஆயிற்று. ஓராண்டின் வெள்ளத்தில் சிறு பகுதியை அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ள மட்டுமே அது பயன்பட்டது. 1960இல் தொடங்கி 1970இல் முடிவடைந்த அஸ்வான் உயர் அணையோ 16,200 கோடி கன மீட்டர் கொள்ளும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளின் முழு நீரோட்டம் அது. யூசுப் (அலை) அவர்களின் களஞ்சியத்தைப் போலவே ஆண்டு கடந்து நிற்கும் சேமிப்பு.

அதன் பயனை உலகம் விரைவிலேயே கண்டது. 1979 முதல் 1987 வரை எத்தியோப்பிய மலைகளில் மழை மீண்டும் மீண்டும் குறைந்தது. அணையின் பின்னுள்ள ஏரி ஆண்டுக்காண்டு தாழ்ந்தது. 1988 ஜூலையில் நீர்மட்டம், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 150 மீட்டராக இறங்கிவிட்டது. 147 மீட்டரில் மின்நிலையத்தை நிறுத்தியாக வேண்டும். அடுத்த மாதமே பெருமழை பெய்து நிலைமை மாறிற்று. அவ்வாண்டுகளில் எகிப்து கவலைப்பட்டது. ஆனால் பட்டினி கிடக்கவில்லை. கி.பி. 1065 முதல் 1072 வரை பாத்திமிய கலீபா அல் முஸ்தன்ஸிரின் காலத்தில் மக்களை மாய்த்த ஏழாண்டுக் கொடுமை மீளவில்லை. சேமிப்பின் சிறப்புக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆனால், அதே காட்சியின் மறுபுறத்தையும் நாம் நோக்கியாக வேண்டும். அதே மழைக்குறைவு எத்தியோப்பியாவிலும் இருந்தது. 1984ஆம் ஆண்டை ஒட்டிய பஞ்சத்தில் அங்கே பல லட்சம் மக்கள் மாண்டனர். உள்நாட்டுப் போரும் ஆட்சியாளரின் கொடுமையும் அச்சாவுகளைப் பெருக்கின என்பது உண்மை. எனினும், எவருடைய மலையில் மழை பெய்கின்றதோ அவர்களிடம் அதனைத் தேக்கி வைக்கப் பெரிய ஏரி இல்லை. தொலைவில் இருந்தவர்களிடம் இருந்தது. ஒரே வறட்சி ஓர் ஊரில் கவலையாகவும் மற்றோர் ஊரில் மரணமாகவும் முடிந்தது.

அணைக்கு வேறு விலையும் உண்டு. எகிப்திலும் சூடானிலுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் நூபிய மக்கள் தம் ஊர்களையும் பேரீச்சந்தோட்டங்களையும் முன்னோரின் கப்ருகளையும் நீருக்கடியில் விட்டுவிட்டுப் புதிய இடங்களுக்குப் போனார்கள். பாலைவன வெயிலில் பரந்து கிடக்கும் அவ்வேரியிலிருந்து ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,000 கோடி கன மீட்டர் நீர் ஆவியாகின்றது. எந்தச் சேமிப்பும் செலவின்றிக் கிடைப்பதில்லை. அச்செலவைச் செலுத்துவோர் வேறு, பயனை நுகர்வோர் வேறு என்று ஆகுமாயின், சேமித்தோர் அவர்களுக்குக் கடன்பட்டவராவர்.

பங்கிட்டவரும் பங்கு பெறாதவரும்

உயர் அணைக்கு முன்னோடியாக, 1959இல் எகிப்தும் சூடானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் கணக்கு இது: அஸ்வானில் ஆண்டுச் சராசரி 8,400 கோடி கன மீட்டர், ஆவியாகவும் கசிந்தும் போவதற்கு 1,000 கோடி, எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி. கூட்டிப் பார்ப்போமாயின் ஒரு துளியும் மிச்சமில்லை. கணக்கு நேரானது. ஆயினும், நீரில் 85 பங்கை அனுப்பும் எத்தியோப்பியா அவ்வவையில் அமர்ந்திருக்கவில்லை. ஏரிக்கரை நாடுகளும் இல்லை. அண்ணன் தம்பி இருவர் கூடிப் பாகப்பிரிவினை செய்துகொண்டனர். மற்ற வாரிசுகள் அழைக்கப்படவில்லை. வாரிசுரிமைச் சட்டத்தில் இறைவன் ஒவ்வொருவர் பங்கையும் வரையறுத்திருப்பதை அறிந்த நமது குடும்பங்களுக்கு இதன் குறை விளங்காமற் போகாது.

எகிப்தின் அச்சமும் பொய்யன்று. ஒப்பந்தம் செய்த காலத்தில் அந்நாட்டு மக்கள் ஏறக்குறைய 2 கோடியே 60 லட்சம். தலைக்கு ஆண்டொன்றுக்கு 2,100 கன மீட்டர் நீர். 2020இல் அவர்கள் 10 கோடியைத் தாண்டினர். தலைக்கு 550 அளவே. அவர்களுக்கு வேறு ஆறும் இல்லை, மழையும் இல்லை. எத்தியோப்பியாவின் நியாயமும் பொய்யன்று. கோடிக்கணக்கான மக்கள் மின்விளக்கின்றி வாழும் நாடு, தன் மலையில் பாயும் ஆற்றைக் கொண்டு ஒளியேற்ற நினைப்பது குற்றமாகுமா? 2011இல் அந்நாடு நீல நைலின் குறுக்கே 7,400 கோடி கன மீட்டர் கொள்ளும் பேரணையைக் கட்டத் தொடங்கிற்று. 2020இல் நீர் நிரப்பத் தொடங்கி, 2025 செப்டம்பரில் திறந்து வைத்தது. 2015இல் மூன்று நாடுகளும் நெறிமுறை அறிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. ஆனால், வறண்ட ஆண்டுகளில் எவ்வளவு நீர் விடுவது என்பது பற்றிக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஏதும் அணை திறக்கப்பட்ட நாள் வரையிலும் ஏற்படவில்லை.

மின்சாரத்திற்காகத் தேக்கிய நீர் சுழலிகளைச் சுழற்றிவிட்டுக் கீழே ஓடியாக வேண்டும். அதனை எவரும் விழுங்கிவிட முடியாது. ஆதலின் ஆண்டு நல்லதாக இருக்கையில் சச்சரவுக்கு இடமே இல்லை. தீய ஆண்டுகள் கூடி வரும்போதுதான் வினா எழுகின்றது. மேலே இருப்பவர் தம் ஏரியை நிரப்புவதா, கீழே இருப்பவரின் வயலை நனைப்பதா? அவ்வேளையில், மேலே எவ்வளவு மழை பெய்தது, எவ்வளவு நீர் வழிந்து வந்தது, ஏரியில் எவ்வளவு நிற்கின்றது, எவ்வளவு விடப்படுகின்றது என்னும் நாள் கணக்கு இரு சாராருக்கும் தெரிந்திருக்குமாயின் பேசித் தீர்க்கலாம். தெரியாவிட்டால் வதந்தியே கணக்காகிவிடும். அல் முயிஸ் காலத்து அங்காடியில் நிகழ்ந்தது நாடுகளுக்கிடையே நிகழும். "நமது நீரளவு நமது இரகசியம்" என்று நாடுகள் எண்ணுவதற்குக் காரணங்கள் இருக்கலாம். ஆனால், அடுத்தவனின் உயிர் எந்தக் கணக்கில் தொங்குகின்றதோ, அது அமானிதமாகும். அமானிதத்தை ஒளிப்பதற்கு எக்காரணமும் போதாது.

மூன்று அடையாளங்கள்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்போது விடை காண்போம். சேமிப்பையும் பதுக்கலையும் பிரித்தறிய நைலின் வரலாறு மூன்று அடையாளங்களைத் தருகின்றது.

முதலாவது, அளவு உண்மையாக இருத்தல். சேமிப்பவன் கணக்குப் பார்க்கின்றான். எவ்வளவு தேவை என்று அறிந்து அவ்வளவில் நிறுத்துகின்றான். பதுக்குபவனுக்கு "போதும்" என்னும் எண்ணே கிடையாது. அச்சத்திற்குக் கணக்குத் தெரியாது, ஆசைக்கும் தெரியாது. நல்ல சில ஆண்டுகளைக் கொண்டு வாக்களிப்பதும், தீய சில ஆண்டுகளைக் கண்டு வெருண்டு அள்ளிக் குவிப்பதும் கணக்கை மறந்த செயல்களே.

இரண்டாவது, அளவு அறிவிக்கப்படுதல். மறைத்தே தீர வேண்டிய நிலை அரிதாக வரலாம். அப்போதும் மறைப்பவன் அம்மறைவின் பொறுப்பைத் தானே சுமக்க வேண்டும்.

மூன்றாவது, திறக்க வேண்டிய நாளில் திறத்தல். அதுவும் தம்மவர்க்கு மட்டுமின்றிப் பிறர்க்கும் திறத்தல். யூசுப் (அலை) அவர்கள் மன்னனிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் காக்கவும் அறியவும் வல்லவர் என்பதையே தகுதியாகக் கூறினார்கள். பிறகு கன்ஆனிலிருந்து அயல்நாட்டார் தானியம் கேட்டு வந்தபோது நிறைவாக அளந்து கொடுத்தார்கள். வந்தவர்கள் யார்? தம்மைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்கள்! அவர்களுக்கும் அளவு குறையவில்லை. காத்தல், அறிதல், அளந்து கொடுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அக்களஞ்சியம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் பூட்டிய அறையாகிவிடும்.

இது நாடுகளுக்கும் அணைகளுக்கும் மட்டும் உரியதன்று. நமது இல்லங்களிலும் சேமிப்பு உண்டு. ஸகாத் கொடுக்கப்பட்ட செல்வம் பதுக்கிய செல்வம் ஆகாது என்பது நபித்தோழர் இப்னு உமர் (ரலி) அவர்களின் விளக்கம். ஸகாத் எங்கே தொடங்குகின்றது? எண்ணிக் கணக்கிடுவதில் தொடங்குகின்றது. தன்னிடம் உள்ளது எவ்வளவு என்று ஆண்டுக்கொரு முறை உண்மையாக எண்ணாதவன் பிறருடைய பங்கு எவ்வளவு என்று அறியான். அறியாதவன் கொடான். எண்ணுவதற்கு நாம் தயங்கும் இடத்திலேயே, பெரும்பாலும், எவருடைய பங்கோ நம்மிடம் தங்கியிருக்கின்றது.

ரவ்ழாவின் தூணுக்கு இன்று வேலை இல்லை. உயர் அணை வந்தபின் கெய்ரோவில் பழைய வெள்ளமும் இல்லை. கிணற்றின் வழிகளும் அடைக்கப்பட்டுவிட்டன. மிக்யாஸ் செய்து வந்த பணி இப்போது மலைநாட்டு மழைமானிகளுக்கும், ஆற்றோர அளவுகோல்களுக்கும், அவற்றைப் படித்து எழுதும் எளிய ஊழியர்களுக்கும் உரியதாகிவிட்டது. அவர்கள் எழுதும் எண்ணை மாற்றாமல், மறைக்காமல், அதற்குரியவர் அனைவர்க்கும் அறிவிக்கும் ஆட்சிகள் அமையுமாயின், தீய ஆண்டுகள் கூடி வரும்போதும் நைல் நதியின் மக்கள் ஒருவரையொருவர் நம்பி அவற்றைக் கடப்பர். அவ்வாறு அமைய வேண்டும் என்பதே நமது துஆ.